சரக்கா, மிக்சிங்கா? மன்ஹாட்டன் காக்டெயிலில் வெர்மூத்தின் தகுநிலை குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

தமிழ்நாட்டுக் குடிமரபு மதுவுலகப் பொருள்கள் அனைத்தையும் மூன்றே வகையில் அடக்கிவிடும்: சரக்கு, மிக்சிங், சைட் டிஷ். புட்டியில் வருவது சரக்கு. அதோடு கலப்பது மிக்சிங். அது தண்ணீரோ சோடாவோ கோலாவோ, எதுவாகவும் இருக்கலாம். போதை மட்டும் இருக்கக் கூடாது. மாங்காய்க் கீற்றிலிருந்து மிளகு போட்ட காடை வரை மிச்சமெல்லாம் சைட் டிஷ். தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் இதைத் தொடவில்லை என்றாலும், நடைமுறையில் இந்தப் பாகுபாட்டை மீறிய பொருளை யாரும் கடைவாசலில் கண்டதில்லை.

இந்த உறுதியான இலக்கணத்தை ஆட்டம் காண வைக்கும் பானம் ஒன்று நியூயார்க்கில் பிறந்திருக்கிறது. பெயர் மன்ஹாட்டன். 60 மில்லி விஸ்கி, 30 மில்லி இனிப்பு வெர்மூத், இரண்டு உதறல் அங்கோஸ்டுரா பிட்டர்ஸ். இவற்றை ஐஸோடு கலக்கி, வடித்து, காம்பு வைத்த கிளாஸில் ஊற்றி, ஒரு செர்ரியைப் போட்டுக் கொடுப்பார்கள். சோடா கிடையாது. தண்ணீரும் ஊற்றுவதில்லை. அப்படியானால் இதில் மிக்சிங் எது? விஸ்கி சரக்கு என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அதோடு கலக்கிற வெர்மூத்தோ 15 முதல் 18 சதவீதம் வரை ஆல்கஹால் உள்ள திராட்சை மது. சரக்கோடு சரக்கைக் கலப்பது குறித்து நம் பெரியவர்கள் எப்போதும் எச்சரித்தே வந்திருக்கிறார்கள். அந்த எச்சரிக்கையின் நியாயம் மறுநாள் காலையில் விளங்கும்.

இதை வெறும் வகைப்பாட்டுத் தகராறு என்று ஒதுக்குவதற்கில்லை. மிக்சிங் என்று முடிவானால் வெர்மூத்தை மலிவாகப் பார்த்து வாங்கலாம், எத்தனை மாதம் வேண்டுமானாலும் அலமாரியில் நிறுத்தலாம், அளவு பார்க்காமல் ஊற்றலாம். சரக்கு என்று முடிவானால் அதற்குரிய மரியாதையைக் கொடுத்தாக வேண்டும். கெட்டுப்போன மன்ஹாட்டன்களில் பெரும்பாலானவை இந்த வகைப்பாட்டுப் பிழையால் கெட்டவை என்பதே இவ்வாய்வின் கருதுகோள்.

முன்னோடி ஆய்வுகள் என்று தமிழில் சுட்டுவதற்கு அதிகம் இல்லை. மதுவைப் பற்றித் தமிழில் அச்சானவற்றுள் மிகப் பலர் வாசித்தது புட்டியின் லேபிளில் இருக்கும் எச்சரிக்கை வாக்கியம்தான். அதன் கருத்தோடு இவ்வாய்வாளர் முழுவதுமாக உடன்படுகிறார். ஆனால் அது வெர்மூத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பருகிப் பார்த்தல் ஆய்வு எல்லைக்குள் வருகிறது. எனினும் இரவு வெகுநேரத்துக்குப் பிறகு எழுதிய குறிப்புகள், எழுதியவருக்கே படிக்க முடியாத காரணத்தால், தரவாகக் கொள்ளப்படவில்லை.

வெர்மூத்தின் குலமும் கோத்திரமும்

வெர்மூத்தின் பூர்வீகம் இத்தாலியின் தூரின் நகரம். 1786இல் அங்கே ஆந்தோனியோ பெனெதெத்தோ கார்ப்பானோ என்பவர் மூலிகைகளும் வாசனைப் பொருள்களும் ஊறிய திராட்சை மதுவில் சர்க்கரையும் காய்ச்சி வடித்த சாராயமும் சேர்த்து விற்றார் என்பது இத்துறையின் ஆதிகாண்டம். கசப்பு மூலிகை போட்ட ஒயின் அதற்கு முன்பே ஐரோப்பாவில் உண்டு. மருந்தாகக் குடித்துக்கொண்டிருந்ததை மாலைநேர உல்லாசமாக மாற்றிய பெருமை தூரின்காரர்களுடையது. பிரான்சில் ஜோசஃப் நொய்லி 1813இல் இனிப்புக் குறைந்த, வெளிறிய வகை ஒன்றை உருவாக்கினார். அதிலிருந்து இரண்டு பரம்பரை: இத்தாலிய இனிப்பு, பிரெஞ்சு டிரை. மன்ஹாட்டனுக்கு உரியது முதலாவது.

இங்கே பொதுவான மயக்கம் ஒன்றைத் தீர்த்துவிடலாம். இனிப்பு வெர்மூத் கருஞ்சிவப்பாக இருப்பதால் அது சிவப்பு ஒயினில் செய்தது என்று நினைப்பவர்கள் பலர். தூரின் மரபில் அடிப்படையே மொஸ்காத்தோ என்ற வெள்ளைத் திராட்சை ஒயின். அந்த நிறத்தில் பெரும்பகுதி கேரமல், அதாவது கருக்கிய சர்க்கரை, தந்தது.

கசப்பு எங்கிருந்து வருகிறது என்பது தமிழருக்குச் சுவையான செய்தி. ஆர்ட்டிமீசியா என்ற பேரினத்துச் செடிகளிலிருந்து வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 251/2014 எண் விதிமுறைப்படி, அந்தப் பேரினத்தின் சுவை இல்லாத எதையும் வெர்மூத் என்று விற்கக் கூடாது. மதுரைப் பக்கம் கதம்பத்தில் வைத்துக் கட்டுகிற மரிக்கொழுந்தும் இதே பேரினம்தான். தாவரவியலார் அதை ஆர்ட்டிமீசியா பாலென்ஸ் என்பார்கள். ஆகப் பங்காளிகளில் ஒருவரை இத்தாலிக்காரர் குடிக்கிறார், மற்றவரை நாம் தலையில் சூடுகிறோம். இரண்டில் எது உயர்ந்த மரியாதை என்பது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

அதே விதிமுறை இன்னும் இரண்டு செய்திகளைச் சொல்கிறது. வெர்மூத்தில் குறைந்தது 75 சதவீதம் ஒயின் சார்ந்ததாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து ஆல்கஹால் கட்டாயம் சேர்த்திருக்க வேண்டும். ஷெர்ரிக்கும் போர்ட்டுக்கும் வெர்மூத் ஒன்றுவிட்ட தம்பி முறை ஆவது இந்த இரண்டாவது நிபந்தனையால்தான்: மூன்றுமே சாராயம் சேர்த்து வலுவூட்டிய ஒயின்கள். கணக்காகவே பார்க்கலாம். 16 சதவீத வெர்மூத்தில் 30 மில்லி எடுத்தால் அதில் 4.8 மில்லி சுத்த ஆல்கஹால் இருக்கிறது. ஐந்து சதவீத பீரில் இதே அளவு கிடைக்க ஏறத்தாழ 100 மில்லி குடிக்க வேண்டும். நூறு மில்லி பீரை மிக்சிங் என்று ஊற்றிக்கொள்பவரை நம் ஊரில் எப்படி அழைப்பார்கள் என்பதை வாசகர் அறிவார்.

ஆக, முதற்கட்டச் சான்றுகள் சரக்கின் பக்கம் சாய்கின்றன.

காலமும் ஆசிரியரும்

தமிழ் ஆய்வுலகில் எந்த நூலை எடுத்தாலும் முதலில் காலத்தைக் கணித்து, ஆசிரியர் யார் என்று சண்டை போட்டு, நேரம் மீந்தால் நூலை வாசிப்பது வழக்கம். மன்ஹாட்டனுக்கும் அந்த மரியாதையைச் செய்வோம்.

பரவலாக வழங்கும் ஐதீகம் இது. 1874 இறுதியில் நியூயார்க்கின் மன்ஹாட்டன் கிளப்பில் ஒரு விருந்து. ஆளுநர் தேர்தலில் சாமுவேல் டில்டன் வென்றதைக் கொண்டாட ஜென்னி ஜெரோம் என்ற சீமாட்டி ஏற்பாடு செய்தது. அந்த விருந்துக்கென்று புதிதாகக் கலந்த பானத்துக்குக் கிளப்பின் பெயரையே வைத்தார்கள். இந்த ஜென்னி வேறு யாருமல்லர், வின்ஸ்டன் சர்ச்சிலின் தாயார். கதைக்கு வேண்டிய எல்லாம் இதில் இருக்கின்றன: அரசியல், அழகி, பிற்காலப் பிரதமர்.

இந்த ஐதீகத்தை ஒரு பிரசவம் முறியடிக்கிறது. சர்ச்சில் பிறந்தது 1874 நவம்பர் 30, இங்கிலாந்தின் பிளென்ஹைம் மாளிகையில். டில்டன் வென்றது அதே நவம்பரின் தொடக்கத்தில். நிறைமாத கர்ப்பிணி அட்லாண்டிக்கைத் தாண்டி நியூயார்க் போய், விருந்து வைத்து, காக்டெயிலும் கண்டுபிடித்து, பிள்ளை பெறுவதற்குள் கப்பலில் திரும்பியிருக்க வேண்டும். சர்ச்சிலின் தாயார் என்றாலும் அதற்கு ஓர் அளவு உண்டு.

இரண்டாவது கருத்து அவ்வளவு பளபளப்பில்லாதது. அதனாலேயே கவனிக்கத்தக்கது. நியூயார்க்கின் ஹாஃப்மன் ஹவுஸ் ஓட்டல் பாரில் பணியாற்றிய வில்லியம் மல்ஹால் என்பவரின் நினைவுக் குறிப்பு 1923இல் வெளிவந்தது. பிராட்வேயில், ஹவுஸ்டன் தெருவுக்குப் பத்துக் கதவு தள்ளிக் கடை வைத்திருந்த பிளாக் என்பவர் 1860களில் இதைக் கண்டுபிடித்தார் என்கிறார் அவர். முழுப்பெயர் இல்லை, ஊர் இல்லை, தந்தை பெயர் இல்லை; கதவுக் கணக்கு மட்டும் துல்லியம். கதை கட்டுகிறவர் சீமாட்டியைக் கொண்டுவருவார். பத்துக் கதவு தள்ளி என்று வழி சொல்கிறவர் அந்தக் கடைக்குப் போய்வந்தவராகத்தான் இருக்க வேண்டும். இவ்வாய்வாளரின் சாய்வு பிளாக்கின் பக்கம்.

கீழ் எல்லையை மட்டும் அச்சுச் சான்றோடு நிறுவலாம். நியூயார்க் மாநிலத்தின் மேற்கே ஓலியன் என்றொரு சிற்றூர். அங்கிருந்து வெளிவந்த ஓலியன் டெமாக்ரட் பத்திரிகையின் 1882 செப்டம்பர் 5 இதழில், விஸ்கி, வெர்மூத், பிட்டர்ஸ் மூன்றும் சேர்ந்த கலவை அண்மையில் மோஸ்தராகிவிட்டது என்ற செய்தி வந்திருக்கிறது. அதை டர்ஃப் கிளப் என்றும் ஜாக்கி கிளப் என்றும் மன்ஹாட்டன் என்றும் பல பெயரில் அழைக்கிறார்கள் என்றும் அது குறித்திருக்கிறது. ஆகவே மேல் எல்லை பிளாக்கின் கடை, கீழ் எல்லை ஓலியன். இடையில் இருபது ஆண்டு இடைவெளி. சங்க இலக்கியத்துக்குக் காலம் கணித்துப் பழகியவர்களுக்கு இது மின்னல் வேகத் துல்லியம்.

பாடபேதங்கள்

மன்ஹாட்டனின் செய்முறை முதன்முதலாக நூலில் ஏறிய ஆண்டுகளில் 1884 முக்கியமானது. அவ்வாண்டு ஓ. ஹெச். பைரன் பார்டெண்டர்களுக்காக எழுதிய கையேட்டில் ஒன்றுக்கு இரண்டு மன்ஹாட்டன்கள் இருக்கின்றன. முதல் பாடத்தில் பிரெஞ்சு வெர்மூத் ஒரு போனி, விஸ்கி அரைப் போனி. போனி என்பது சுமார் 30 மில்லி பிடிக்கும் சிறு கிளாஸ். வாசகர் நிறுத்தி மறுபடி படிக்கலாம்: வெர்மூத் விஸ்கியைப் போல இரு மடங்கு. இரண்டாம் பாடத்தில் இத்தாலிய வெர்மூத்தும் விஸ்கியும் சரிபாதி. கூடவே இரண்டு உதறல் கியூரசாவ் என்ற இனிப்பு மது.

அமெரிக்க பார்டெண்டர்களின் பாட்டனார் ஜெர்ரி தாமஸ். 1862இல் இத்துறையின் முதல் அமெரிக்க நூலை எழுதியவர். அதில் மன்ஹாட்டன் இல்லை. அவர் 1885இல் காலமான பிறகு வந்த 1887 பதிப்பில் இருக்கிறது. அதைத் தாமஸே எழுதினாரா, பதிப்பாளர் செருகினாரா என்பது ஓலைச்சுவடிக்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வி. பாடமோ பைரனின் முதல் பாடத்துக்கு நெருக்கம்: ரை விஸ்கி ஒரு போனி, வெர்மூத் ஒரு ஒயின் கிளாஸ், அதாவது இரு மடங்கு. போக்கர்ஸ் என்ற, பிற்காலத்தில் வழக்கொழிந்த பிட்டர்ஸ் மூன்று உதறல். கியூரசாவோ மராஸ்கினோ என்ற செர்ரி மதுவோ இரண்டு உதறல். வாடிக்கையாளர் இன்னும் இனிப்பு கேட்டால் சர்க்கரைப் பாகும் விடலாம் என்று ஓர் உரைக்குறிப்பு வேறு. 1888இல் ஹாரி ஜான்சனின் நூல் சரிபாதிப் பாடத்தைக் கொண்டிருக்கிறது.

கியூரசாவும் மராஸ்கினோவும் சர்க்கரைப் பாகும் இடைச்செருகல்கள் என்றே இவ்வாய்வாளர் கருதுகிறார். பிற்காலப் பிரதிகளில் அவை உதிர்ந்துவிட்டன. மூலப் பொருள்கள் மூன்று மட்டும் நின்றன. ஆனால் வேறொன்றும் சேர்ந்து உதிர்ந்தது. அதுதான் இக்கட்டுரையின் மையம்.

பைரனின் முதல் பாடத்தில் வெர்மூத்தின் பங்கு மூன்றில் இரண்டு. ஜான்சனிடம் பாதி. இருபதாம் நூற்றாண்டில் நிலைபெற்று இன்றும் வழங்கும் செய்முறையில் மூன்றில் ஒன்று. 1951இல் இங்கிலாந்தின் டார்க்கீயில் தொடங்கிய சர்வதேச பார்டெண்டர் சங்கத்தின் அளவு 50 மில்லி ரை விஸ்கிக்கு 20 மில்லி வெர்மூத். மூன்றில் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றுக்கும் உச்சம் டேவிட் எம்பரி. காக்டெயில் பற்றி 1948இல் அவர் எழுதிய நூல் இன்றும் ஆகமம்போல் மதிக்கப்படுகிறது. அதிலுள்ள மேன்மையான மன்ஹாட்டனில் விஸ்கி ஐந்து பங்கு, வெர்மூத் ஒரு பங்கு. எம்பரி பார் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று வேலை பார்த்தவரல்லர். தொழிலால் வரி வழக்கறிஞர். பங்கைக் குறைப்பது எப்படி என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்படியாக, அறுபது எழுபது ஆண்டுகளில் வீட்டின் மூத்தவர் திண்ணைக்குத் தள்ளப்பட்டார். சரக்காக நுழைந்த வெர்மூத் மிக்சிங்காகக் கருதப்படும் நிலைக்கு வந்தது இவ்வழியில்தான்.

கிளைப் பாடங்களையும் கடந்து போகலாம். இனிப்பு வெர்மூத்தும் டிரை வெர்மூத்தும் சரிபாதி சேர்ந்தால் அது பெர்ஃபெக்ட் மன்ஹாட்டன். நம் மொழியில் திணைமயக்கம். விஸ்கி ஸ்காட்லாந்துடையதாக இருந்தால் ராப் ராய். அதே பெயரில் வந்த இசை நாடகம் ஒன்றின் நினைவாக 1890களில் நியூயார்க்கில் வைத்த பெயர். விஸ்கியை எடுத்துவிட்டு ஜின் ஊற்றினால் மார்ட்டினெஸ். மார்ட்டினெஸுக்குத் தனிச் செய்முறை எழுதவே பைரன் சோம்பல்பட்டு, மன்ஹாட்டனைப் போலவே, விஸ்கிக்குப் பதில் ஜின் என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டார். உலகப் புகழ்பெற்ற மார்ட்டினி இந்த மார்ட்டினெஸின் வழித்தோன்றல் என்பது பலர் ஒப்பும் கருத்து. அப்படியென்றால் ஜேம்ஸ் பாண்டின் கையிலிருக்கும் கிளாஸுக்கும் மன்ஹாட்டனுக்கும் பேரன் முறை.

களஆய்வு: ஒரு புட்டியின் வயது

வெர்மூத்தின் பங்கை ஏன் குறைத்தார்கள்? அமெரிக்க நாக்கு இனிப்பிலிருந்து விலகியது ஒரு காரணம் என்பார்கள். ஏற்கலாம். ஆனால் இவ்வாய்வாளர் முன்வைக்கும் காரணம் அதைவிடத் தாழ்வான இடத்தில், பார் அலமாரியின் இரண்டாம் தட்டில் இருக்கிறது.

விஸ்கி புட்டியைத் திறந்து வைத்தால் மாதங்கள் தாங்கும். நாற்பது சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள பொருளில் எளிதில் ஒன்றும் நடப்பதில்லை. வெர்மூத் அப்படியல்ல. வலுவூட்டியதாக இருந்தாலும் அடிப்படையில் ஒயின். காற்றுப் பட்டால் ஆக்சிஜனேற்றம் தொடங்கிவிடும். திறந்த புட்டியைக் குளிர்பெட்டியில் வைத்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. மூலிகை மணம் முதலில் போகும். பிறகு ஒருவிதத் தட்டையான புளிப்பு வரும். கடைசியில் ஈர அட்டைப்பெட்டியின் வாடை.

சென்னையின் நட்சத்திர ஓட்டல் பார் ஒன்றில் அலமாரி விளக்கொளியில் நின்றிருந்த வெர்மூத் புட்டியைப் பார்த்து ஆய்வாளர் கேட்டார்: “தம்பி, இது எப்ப திறந்தது?”

பார்டெண்டர் புட்டியின் தோளைத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தில் மட்டும் கண்ணாடி பளிச்சென்றது. “போன வருசம் தீபாவளி சமயம் சார். நல்லாத்தான் இருக்கு. யாரும் கேக்கறதே இல்ல.”

“ஃப்ரிட்ஜுல வைக்கறதில்லையா?”

“மிக்சிங்தானே சார்.”

கருதுகோளுக்கு இதைவிடத் தெளிவான வாக்குமூலம் கிடைப்பது அரிது. கெட்ட வெர்மூத்தை ஊற்றுவார்கள், பானம் நன்றாயிருக்காது, வாடிக்கையாளர் அடுத்த முறை வெர்மூத்தைக் குறைக்கச் சொல்வார், குறைத்தால் புட்டி இன்னும் மெதுவாகத் தீரும், மெதுவாகத் தீர்வதால் இன்னும் கெடும். ஒன்றை ஒன்று பிடித்துச் சுற்றுகிற இந்தச் சக்கரத்தில் எம்பரியின் ஒன்றுக்கு ஐந்து எளிதில் விளங்குகிறது. நல்ல புட்டி கிடைத்த பார்களில் ஒன்றுக்கு ஒன்றாகக் கலந்து பார்த்தால், பழைய ஆசிரியர்கள் இனிப்புப் பைத்தியங்களில்லை என்பது தெரியும். மரிக்கொழுந்தின் அந்தப் பங்காளி விஸ்கியின் எரிச்சலுக்கு மேலே வந்து நிற்கும். ரையின் மிளகுக் காரம் பின்வாங்கி, பிறகு தொண்டையில் திரும்பும்.

ரை என்றது காரணத்தோடுதான். அமெரிக்கச் சட்டப்படி, ரை விஸ்கியின் தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் ரை இருக்க வேண்டும். போர்பனில் அதே அளவு மக்காச்சோளம். போர்பன் தானாகவே இனிப்பு. அதில் இனிப்பு வெர்மூத்தைக் கலப்பது பாயசத்தில் வெல்லம் போடுவதற்குச் சமம். ரை தானியம் தரும் காரத்துக்குத்தான் இந்த இனிப்புத் தேவை. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்தபோது உள்ளூர் ரை வடிசாலைகள் பெரும்பாலும் மூடிக்கொண்டன. பிறகு பல பத்தாண்டுகளுக்கு மன்ஹாட்டனில் போர்பனும் கனடிய விஸ்கியும் புழங்கின. வெர்மூத்தின் பங்கு குறைந்ததற்கு இதையும் ஒரு துணைக்காரணமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

கலக்குவதா, குலுக்குவதா

பைரனின் இரண்டாம் பாடம் கலக்கச் சொல்கிறது. தாமஸின் பாடம் குலுக்கச் சொல்கிறது. 1934இல் வந்த தி தின் மேன் படத்தில், மன்ஹாட்டனை ஃபாக்ஸ்டிராட் நடனத்தின் தாளத்துக்குக் குலுக்க வேண்டும் என்று கதாநாயகன் பார்டெண்டர்களுக்குப் பாடம் எடுப்பார். 1959இன் சம் லைக் இட் ஹாட் படத்திலோ மதுவிலக்குக் காலத்து ரயிலில், படுக்கைத் திரைக்குள், மர்லின் மன்றோவின் குழு வெந்நீர்ப் பையையே குலுக்கும் பாத்திரமாக்கி மன்ஹாட்டன் தயாரிக்கும். ரப்பர் வாடைக்கு வெர்மூத்தை மட்டும் குறைசொல்ல முடியாது.

இன்றைய நல்ல பார்களில் கலக்குகிறார்கள். அது பார்க்க வேண்டிய வேலை. நீளமான கரண்டியின் முறுக்குக் காம்பு இரண்டு விரலுக்கு நடுவே சுழல, கரண்டியின் முதுகு கிளாஸின் உள்சுவரை ஒட்டியே ஓடும். ஐஸ் கட்டிகள் மோதாமல் ஒன்றாகச் சுற்றும். சத்தம் வந்தால் கைப்பழக்கம் போதாது என்று பொருள். அரை நிமிடத்தில் கிளாஸின் வெளிப்புறம் பனி பூக்கும். குலுக்கினால் குளிர் சீக்கிரம் ஏறும், ஆனால் காற்றுக் குமிழும் ஐஸ் துணுக்கும் புகுந்து பானம் கலங்கிவிடும். எலுமிச்சைச் சாறு சேரும் பானத்துக்கு அது பொருந்தும். மன்ஹாட்டன் தெளிவாக, கிளாஸில் எண்ணெய்போல் வழுக்கி நிற்க வேண்டும்.

ஐஸ் பூஜ்யம் டிகிரியில் இருந்தாலும் இந்தப் பானம் பூஜ்யத்துக்குக் கீழே நாலைந்து டிகிரி வரை இறங்கும். ஆல்கஹால் உள்ள நீருக்கு உறைநிலை தாழ்வு என்பதே காரணம். இந்தக் குளிர்ச்சிக்கு விலையாக ஐஸ் உருகியாக வேண்டும். ஒரு கிராம் ஐஸ் உருக 334 ஜூல் வெப்பம் தேவை. 25 டிகிரியிலுள்ள 90 மில்லி கலவையை மைனஸ் நான்குக்குக் கொண்டுவரக் கணக்குப் போட்டால் சுமார் 30 கிராம் ஐஸ் உருகும். சென்னைக் கோடையில் 34 டிகிரியிலுள்ள புட்டிகளோடு தொடங்கினால் 40 கிராம்.

இடைப்பிறவரலாக ஒன்று. அமெரிக்க பாரில் ஐஸ் சாதாரணப் பொருளாக மாறியதற்கு பாஸ்டனின் ஃபிரெடரிக் டியூடர் தொடங்கிவைத்த வியாபாரம் பெரும் காரணம். ஏரிகளில் குளிர்காலத்தில் வெட்டிய பனிப்பாளங்களை 1806இல் மார்ட்டினிக் தீவுக்கும், 1833இல் கல்கத்தாவுக்கும் கப்பல் ஏற்றியவர் அவர். சென்னை மெரினாவில் அந்தப் பாளங்களை இறக்கிவைக்க 1842 வாக்கில் எழுந்த கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ். பிறகு கைமாறிய அதே வீட்டில் 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லம். காக்டெயில் வரலாற்றின் துணைப்பொருள் ஒன்றுக்கு இதைவிட நல்ல கதி கிடைத்ததாகத் தெரியவில்லை.

கண்டறிந்தது

30 கிராம் ஐஸ் உருகினால் 30 மில்லி தண்ணீர். அதாவது வெர்மூத் எவ்வளவோ அவ்வளவு. 45 சதவீத ரை 60 மில்லியில் ஆல்கஹால் 27 மில்லி, வெர்மூத்தில் 4.8, மொத்தம் ஏறக்குறைய 32. கிளாஸில் வந்து சேரும் பானம் 120 மில்லி. ஆக, வலிமை சுமார் 26 சதவீதம். கலக்காமல் ஊற்றிக் கொடுத்தால் 35 சதவீதம் இருந்திருக்கும். தொண்டை எரிவதற்கும் வழுக்குவதற்கும் உள்ள தூரம் அந்த ஒன்பது சதவீதம்.

பிட்டர்ஸ் மிக்சிங்காக இருக்கலாமே என்று ஒரு தரப்பு வாதாடும். அங்கோஸ்டுராவை 1824இல் உருவாக்கியவர் வெனிசுவேலாவில் சீமோன் பொலிவாரின் படையில் மருத்துவராக இருந்த ஜெர்மானியர் யோஹான் சீகெர்ட். வயிற்றுக் கோளாறுக்கு மருந்து. பின்னாளில் தொழில் டிரினிடாடுக்குக் குடிபெயர்ந்தது. புட்டியைவிடப் பெரிய தாளாகச் சுற்றியிருக்கும் அந்த லேபிளில் ஆல்கஹால் அளவைப் படித்துப் பார்க்கலாம்: 44.7 சதவீதம். நம் ஊர் விஸ்கியின் 42.8ஐவிடக் காட்டம். சொட்டுக் கணக்கில் ஊற்றுவதால் மட்டும் சரக்கு சரக்கில்லாமல் போய்விடாது.

ஆகவே விஸ்கி சரக்கு, வெர்மூத் சரக்கு, பிட்டர்ஸும் சரக்கு. மிக்சிங்கை யாரும் ஊற்றவே இல்லை; கரண்டி சுற்றுகிற அரை நிமிடத்தில் ஐஸிலிருந்து தானே வந்து சேர்ந்தது. அளவில் அது வெர்மூத்துக்குச் சமம். செய்முறை நூல்கள் பெரும்பாலும் அதை மில்லியில் குறிப்பதில்லை. குவார்ட்டரைத் திறக்கும் முன்பே எவ்வளவு தண்ணீர் என்று தீர்மானித்துவிடும் தமிழ்க் குடிமகனுக்கு இந்த அலட்சியம் வியப்பாக இருக்கும்.

செர்ரி சைட் டிஷ்ஷா என்பதைச் சுருக்கமாகவே பார்க்கலாம். அசல் மராஸ்கா செர்ரி டால்மேஷியக் கடற்கரையில் விளைந்தது. லுக்ஸார்தோ குடும்பம் 1821இல் ஸாதர் நகரில் அதைக் கொண்டு மது வடிக்கத் தொடங்கியது. இரண்டாம் உலகப்போரில் அங்கே எல்லாம் அழிந்தபின் 1947இல் இத்தாலியின் தொர்ரேல்யாவில் மீண்டும் எழுந்தது. கருஞ்சிவப்பு, பாகு சொட்டும், தின்னலாம். அமெரிக்க பார்களில் பெரும்பாலும் கிடைக்கும் பளீர்ச் சிவப்பு வகைக்கு வழி வகுத்தவர் ஆரிகன் வேளாண் கல்லூரியின் எர்னஸ்ட் வீகன்ட். உப்பு நீரில் கால்சியம் உப்பு சேர்த்தால் பழம் குழையாது என்பதை அவர் 1920களில் கண்டுபிடித்தார். அறிவியலாக அது வெற்றி. ஆனால் சைட் டிஷ் என்றால் காரம் இருக்க வேண்டும். இரண்டாவது கிளாஸுக்கும் துணை வர வேண்டும். கிளாஸுக்கு ஒன்று என்று எண்ணிப் போடுவதை அந்த வகையில் சேர்க்க இவ்வாய்வாளருக்கு மனமில்லை.

மேலாய்வுக்கான களம்

ஜெர்மனியின் வடகடற்பகுதியில் ஃபூர் என்றொரு சிறு தீவு உண்டு. அங்கிருந்து பிழைப்புக்காக நியூயார்க் போன குடும்பங்கள் ஏராளம். போனவர்களில் ஒரு பகுதியினர் ஊர் திரும்பினார்கள். திரும்பும்போது மன்ஹாட்டனையும் கொண்டுவந்துவிட்டார்கள். இன்று அது அத்தீவின் ஊர்ப் பானம். ஓட்டல்களிலும் வீட்டு விருந்துகளிலும் ஊர் விழாக்களிலும் கிடைக்கும். முன்கூட்டியே கலந்து புட்டியில் குளிரவைத்திருப்பார்கள். சிவப்பு வெர்மூத்தோடு வெள்ளை வெர்மூத்தையும் சேர்ப்பது தீவின் பாடம். வெர்மூத்தின் பங்கு அங்கே நியூயார்க்கைப் போலத் தேயவில்லை என்று கருத இடமிருக்கிறது. பைரன் காலத்துப் பாடம் மூல ஊரில் அழிந்து, புலம்பெயர்ந்தவர் ஊரில் பிழைத்திருக்கக்கூடும். பாடபேத ஆய்வுக்கு இப்படியொரு களம் அடிக்கடி அமையாது.

புட்டி எப்போது திறந்தது என்ற கேள்வியும் அங்கே எழாது. ஊரே குடிப்பதால் வெர்மூத் கெட நேரமில்லை.

களஆய்வுக்கான நிதிநல்கை விண்ணப்பம் தயாராக இருக்கிறது. தங்கும் செலவு, பருகும் செலவு, மொழிபெயர்ப்பாளர் ஒருவர் பருகும் செலவு ஆகியவை தனித்தனித் தலைப்பில் காட்டப்பட்டுள்ளன. டாகெபியூல் துறையிலிருந்து தீவின் வைக் நகருக்குப் படகு போகிறது. பயணம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு.